ஹியூ ஹாம்ப்டன் யங் (1870–1945): பிறவிச் சிறுநீர் அடைப்பை உயிருள்ள குழந்தையிடம் கண்டறிந்த மருத்துவர்

உங்கள் ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சரிவரப் பிரியவில்லை என்றும், சிறுநீர் வெளியேறும் பாதையில் மெல்லிய மடிப்பு ஒன்று குறுக்கே நிற்கிறது என்றும், அதன் விளைவாகச் சிறுநீரகங்களிலிருந்து இறங்கிவரும் இரு குழாய்களும் வீங்கியுள்ளன என்றும் மருத்துவர் கூறியிருக்கலாம். கருவுற்ற காலத்தில் ஸ்கேன் எடுத்தபோதே இச்செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கவும் கூடும். மருத்துவக் குறிப்பேட்டில் பி.யு.வி. என்று மூன்றெழுத்தில் எழுதப்படுவது இக்குறைபாடே. அதனருகில் ‘யங், முதல் வகை’ என்றும் சில வேளைகளில் குறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் இளமையைக் குறிக்கும் சொல் என்று எண்ணி, குழந்தையின் வயதைப் பற்றிய குறிப்பு இது என்று பெற்றோர் சிலர் கருதிவிடுகின்றனர். அஃது ஒரு மனிதரின் பெயர். அவர் யார், உங்கள் குழந்தையின் சிகிச்சைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதை இப்பக்கத்தில் படிக்கலாம்.

முதலில் உடற்பகுதிகளின் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இரண்டு குழாய்களின் பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் மருத்துவர் சொல்லும்போது குழப்பம் நேர்கிறது. சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர், ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறுநீர்நாளத்தின் வழியாகக் கீழிறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. இந்த நாளமே யூரிட்டர். சிறுநீர்ப்பையிலிருந்து உடலுக்கு வெளியே செல்லும் ஒற்றைப் பாதை சிறுநீர்ப்புறவழி, அது யூரித்ரா. பி.யு.வி. என்னும் குறைபாட்டில் அடைப்பு யூரித்ராவில் இருக்கிறது. ஆயினும் அதன் சுமையைத் தாங்குவது சிறுநீர்ப்பையும், அதற்கு மேலுள்ள யூரிட்டர்களும், இறுதியில் சிறுநீரகங்களுமே. வாய்க்காலின் கடைமடையில் மதகு அடைபட்டால் மேலே உள்ள வரப்புகள் உடைவது போன்ற நிலை இது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே இந்நிலை தொடங்கிவிடுவதால், பிறந்த நாளில் குழந்தையின் யூரிட்டர்கள் நூல்போல் இருப்பதற்கு மாறாக விரல் பருமனுக்கு விரிந்து, வளைந்து நெளிந்து காணப்படலாம்.

ஹியூ ஹாம்ப்டன் யங் 1870ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹியூ யங், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தரப்பில் படைத்தலைவராக இருந்தவர். மகன் படைக்குச் செல்லவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இளங்கலை, முதுகலை, மருத்துவம் ஆகிய மூன்று பட்டங்களையும் நான்கே ஆண்டுகளில் பெற்றார். பின்னர் பால்டிமோர் நகரில் புதிதாகப் புகழ்பெற்று வந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்து, அறுவைசிகிச்சைப் பேராசிரியர் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் கீழ்ப் பயிற்சி பெற்றார்.

அவர் சிறுநீரகவியலைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய முதற்செய்தி. 1897ஆம் ஆண்டில் மருத்துவமனையின் நடைவழியில் ஹால்ஸ்டெட் அவரை நிறுத்தி, சிறுநீர்ப்பாதை நோய்ப் பிரிவின் பொறுப்பை ஏற்குமாறு கூறினார். தமக்கு அத்துறையில் ஒன்றும் தெரியாது என்று யங் தயங்கினார். அதனைத் தாமும் பேராசிரியர் வெல்ச்சும் முன்பே பேசிக்கொண்டதாகவும், ஆனால் கற்றுக்கொள்ளக்கூடியவர் என்று நம்புவதாகவும் ஹால்ஸ்டெட் பதிலளித்தார். பிற்காலத்தில் யங் இந்நிகழ்ச்சியை நகைச்சுவையோடு எழுதியுள்ளார். அக்காலத்தில் அப்பிரிவு மதிப்புமிக்க இடமன்று. பெரும்பாலும் பால்வினை நோயாளரும் சிறுநீர் அடைப்பால் வருந்தும் முதியவரும் வந்து காத்திருக்கும் புறநோயாளர் பகுதி அது. அப்போது யங்கின் வயது 27.

கற்றுக்கொள்ள உதவிய கருவி ஒன்று அவருக்கு முன்பே பிறந்திருந்தது. ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் நிட்சே 1870களின் இறுதியில் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காண உதவும் சிஸ்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியை உருவாக்கினார். மெல்லிய உலோகக் குழல், அதன் நுனியில் ஒளி, உள்ளே ஆடிகள் என்பதே அதன் அமைப்பு. மின்விளக்கு சிறிதாக்கப்பட்ட பின்னர் அது நாள்தோறும் பயன்படுத்தத் தக்கதாயிற்று. உடலைத் திறக்காமல் உள்ளுறுப்பைக் கண்ணால் காண்பது மருத்துவத்திற்கு அன்று புதிது. யங் இக்கருவியில் தேர்ச்சி பெற்றதோடு அமையாமல், அதன் வடிவத்தைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருந்தார். கருவி செய்பவர்களோடு சேர்ந்து உழைப்பதில் அவருக்குத் தனி விருப்பம் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால், மருத்துவராக இருந்த அளவுக்கு அவர் பொறியாளராகவும் இருந்தார்.

அவருடைய முதற்புகழ் முதியவர்களின் நோயால் வந்தது. 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு, சுரப்பியையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் முழுமையாக நீக்கும் அறுவைசிகிச்சையை அவர் செய்தார். அன்று அவருக்கு உதவியாளராக நின்றவர் அவருடைய ஆசிரியர் ஹால்ஸ்டெட். அதன்பின், உடலைத் திறக்காமல் சிறுநீர்ப்புறவழியின் வழியாகவே அடைப்பை வெட்டியெடுக்கும் ‘பஞ்ச்’ என்னும் கருவியை அமைத்தார். பக்கத்தில் திறப்புள்ள ஒரு குழலை உள்ளே செலுத்தினால், அடைத்து நிற்கும் தசை அத்திறப்பினுள் வந்து விழும். உள்ளிருக்கும் கூரிய இரண்டாம் குழலை முன்தள்ளினால் அது வெட்டப்படும்.

இக்கருவியின் பயனை அனுபவித்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் பியூக்கனன் பிராடி. இரயில்வே சாதன வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். வைர நகைகளின் மீது கொண்ட பற்றால் ‘டைமண்ட் ஜிம்’ என்று நாடெங்கும் அறியப்பட்டவர். சர்க்கரை நோய் உள்ளிட்ட பல கோளாறுகள் இருந்தமையால் அவருக்குக் கத்தி வைக்க மற்ற மருத்துவர்கள் அஞ்சினர். 1912இல் யங் அவருக்குச் சிகிச்சை செய்து நலமாக்கினார். நன்றியாகப் பிராடி அளித்த பெருங்கொடையால், சிறுநீரக நோய்களுக்கெனவே ஒரு தனிக்கட்டடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வளாகத்தில் எழுந்து 1915இல் திறக்கப்பட்டது. பிராடி சிறுநீரகவியல் நிறுவனம் என்ற பெயரோடு அது இன்றும் இயங்குகிறது. நோயாளியின் படுக்கை, ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே, மருத்துவ ஓவியரின் மேசை ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தன.

பிராடிக்குச் சிகிச்சை நடந்த அதே 1912ஆம் ஆண்டில்தான் உங்களைப் போன்ற ஒரு பெற்றோரின் குழந்தை யங்கிடம் வந்தது. பிறந்து இரண்டு மாதமான ஆண் குழந்தை. வெளிப்பாதையில் வால்வு அடைப்பு. யங் குழந்தைகளுக்கென அமைந்த மெல்லிய சிஸ்டோஸ்கோப் ஒன்றை, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை, உள்ளே செலுத்தினார். சிறுநீர்ப்பையை அடைந்த கருவி அங்கே நிற்கவில்லை. யூரிட்டர் அவ்வளவு விரிந்திருந்தது. அதன் வாய் திறந்தே இருந்தது. கருவி அதனுள் நுழைந்து மேலே மேலே சென்று சிறுநீரகத்தின் உட்குழிவையே எட்டியது. கிண்ணம் போன்ற அறைகளை யங் தம் கண்ணால் கண்டார். உயிருள்ள ஒருவரின் யூரிட்டருக்குள் உள்நோக்குக் கருவி நுழைந்த முதல் நிகழ்ச்சியாக மருத்துவ வரலாறு இதனைப் பதிவுசெய்கிறது. 1929இல்தான் அவர் இதனை அச்சில் வெளியிட்டார். யூரிட்டருக்குள் செல்வதற்கென்றே கருவிகள் செய்யப்பட்டு அம்முறை வழக்கத்திற்கு வந்ததோ 1970களின் இறுதியில்.

இதனை ஒரு சாதனையாக மட்டும் படித்துக் கடந்துவிடலாகாது. இரண்டு மாதக் குழந்தையின் யூரிட்டருக்குள் 3 மில்லிமீட்டர்க் குழல் ஒன்று தடையின்றிச் செல்கிறது என்றால், அந்தச் சிறுநீரகத்தின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யங் கண்ட காட்சியே நோயின் கடுமைக்கும் சான்று. இன்று அதே செய்தியை வலியில்லாத ஸ்கேன் சில நிமிடங்களில் உங்களுக்குக் காட்டிவிடுகிறது.

யங்கின் காலத்திற்கு முன் இந்த வால்வுகளைப் பற்றி மருத்துவ உலகம் அறியாமல் இல்லை. ஆனால் இறந்த குழந்தைகளின் உடலைப் பரிசோதிக்கும்போதே பெரும்பாலும் அவை கண்ணில் பட்டன. அவ்வாறு காண்பதிலும் ஒரு தடை இருந்தது. வால்வு மிக மெல்லியது, ஏறத்தாழ வெங்காயத் தோலைப் போன்றது. குழாயை முன்புறமாக வெட்டித் திறந்தால் மடிப்பும் சேர்ந்து கிழிபட்டுவிடும். அடைத்த பொருள் எது என்பதே புலப்படாது போய்விடும். உயிருள்ள குழந்தையிடம், நீரோட்டம் தடைபடும் அந்நிலையிலேயே, கருவியின் வழியாக வால்வைக் கண்டறிந்ததுதான் யங் செய்த மாற்றம். 1919இல் அவர் தம் உடன்பணியாளர்கள் ஃபிரான்ட்ஸ், பால்ட்வின் ஆகியோருடன் இணைந்து, தம்மிடம் வந்த குழந்தைகளின் விவரங்களையும் பிறர் எழுதியவற்றையும் தொகுத்து நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வால்வுகளை மூன்று வகையாகப் பிரித்தது அக்கட்டுரையே.

முதல் வகையில், புறவழியின் தரையில் உள்ள சிறு மேட்டிலிருந்து இரு மடிப்புகள் கீழ்நோக்கிச் சென்று முன்புறத்தில் கூடுகின்றன. காற்று பட்ட பாய்மரம் போல் அவை உப்பி வழியை அடைக்கின்றன. இரண்டாம் வகையில் மடிப்புகள் மேல்நோக்கிச் செல்கின்றன. மூன்றாம் வகை, நடுவில் துளையுள்ள ஒரு சவ்வு. நூறாண்டு கழிந்த பின்பும் இப்பிரிவினை பாடநூல்களில் நிற்கிறது. எனினும் இரண்டாம் வகை உண்மையில் அடைப்பை ஏற்படுத்துவதில்லை என்று இன்றைய மருத்துவர்கள் கருதுகின்றனர். குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது முதல் வகையே. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் அப்படி எழுதப்பட்டிருந்தால், அது நோயின் கடுமையைச் சொல்லும் மதிப்பெண் என்று கொள்ள வேண்டாம். முதல் வகை என்பது இலேசானது என்றோ, மூன்றாம் வகை என்பது முற்றியது என்றோ பொருளில்லை. அடைப்பின் வடிவத்தை மட்டுமே அது குறிக்கிறது.

முதியவர்களுக்கு வகுத்த அதே எண்ணத்தை, அதாவது வயிற்றைத் திறக்காமல் உள்ளிருந்தே தடையை நீக்குதல் என்பதை, யங்கும் அவருடைய குழுவினரும் குழந்தைகளுக்குக் கொண்டுவர முயன்றனர். உங்கள் குழந்தைக்கு இன்று செய்யப்படும் வால்வு நீக்கமும் அடிப்படையில் இதுவே. வெளியே தையலோ வடுவோ இல்லாமல், புறவழியாகவே செலுத்தப்படும் மெல்லிய கருவியால் மடிப்பு வெட்டப்படுகிறது அல்லது சுடப்படுகிறது.

ஆனால் யங்கின் காலத்துக் குழந்தைகளுள் பலர் பிழைக்கவில்லை. இதனை மறைப்பதில் பயனில்லை. அடைப்பை நீக்கத் தெரிந்திருந்தது. அழுகிய சிறுநீரால் வரும் தொற்றை அடக்க மருந்து இல்லை. சல்ஃபா மருந்துகள் 1930களில்தான் வந்தன. பென்சிலின் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கிய 1945இல் யங் காலமானார். பச்சிளங்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் இரத்தத்தின் உப்புச்சத்தைச் சீராக்குவதும் அன்று கைவரவில்லை. குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரமும் பெரும்பாலும் காலங்கடந்ததாகவே இருந்தது.

இத்தோல்விகள் கற்பித்த பாடம் ஒன்று, யங்கின் பிரிவில் முன்பே வேறு வழியில் உருவாகியிருந்தது. அவருடைய உடன்பணியாளரான ஜான் ஜெராட்டியும் மருந்தியலாளர் லெனார்ட் ரவுன்ட்ரீயும் 1910இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒரு சாயத்தை ஊசிவழி உடலில் செலுத்தி, குறிப்பிட்ட நேரத்தில் அதில் எவ்வளவு சிறுநீரில் வெளியேறுகிறது என்பதை நிறத்தின் அடர்த்தியால் அளப்பது அது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கத்தியெடுக்கும் முன்னரே அறிய அதனால் முடிந்தது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் முதலில் குழாய் வைத்து நீரை வடியவிட்டு, உடல் தேறிய பின் அறுவைசிகிச்சை செய்யலாம் என்ற அணுகுமுறை இதனால் வலுப்பெற்றது. இன்று அச்சாயப் பரிசோதனையின் இடத்தைக் கிரியாட்டினின் என்னும் இரத்தப் பரிசோதனை பெற்றுள்ளது. உங்கள் குழந்தைக்கு வால்வு இருப்பது உறுதியான பின்னும் அன்றே அறுவை அரங்கிற்கு எடுத்துச் செல்லாமல், மெல்லிய குழாய் ஒன்றை மட்டும் பொருத்தி, நாள்தோறும் இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று பலர் வருந்திக் கேட்கின்றனர். காலதாமதம் அன்று அது. சிகிச்சையின் முதற்கட்டமே அதுதான். குழாய் வைத்த பின் சிறுநீர் ஏராளமாகப் போகக்கூடும். அதற்கேற்ப நீரும் உப்பும் ஈடுசெய்யப்படுவதால் அந்நாட்களில் குழந்தை மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும்.

யங்கின் வாழ்வில் மீதமுள்ள பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1917இல் சிறுநீரகவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கி இறுதிவரை அதன் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டில் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையோடு பிரான்சு சென்று, படைவீரர்களிடையே பால்வினை நோயைத் தடுக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1926இல் அவருடைய பெருநூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பால்டிமோர் நகரின் கலை முயற்சிகளிலும் விமானப் போக்குவரத்து வளர்ச்சியிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. 1940இல் தன்வரலாறு எழுதினார். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மறைந்தார்.

நம்முள் மூத்த தலைமுறையினர் அவரை அறியாமலே அவருடைய கைப்பொருள் ஒன்றை அறிந்திருக்கிறார்கள். முழங்கால் சிராய்ப்புக்குத் தடவிய சிவப்பு மருந்தாகிய மெர்குரோகுரோம், 1919இல் அவரும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்தியதே. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு மருந்து தேடியபோது கிடைத்தது அது. அதில் பாதரசம் கலந்திருப்பதால் பல நாடுகளில் அது வழக்கொழிந்துவிட்டது. பழைய புட்டி வீட்டில் இருந்தால் குழந்தையின் மீது, குறிப்பாகப் பச்சிளங்குழந்தையின் தொப்புளிலோ பிறப்புறுப்பிலோ, பயன்படுத்த வேண்டாம்.

அவருடைய பணிகளுள் இன்று மறுபார்வைக்கு உள்ளான பகுதியும் உண்டு. பிறப்புறுப்பின் தோற்றம் ஆண் என்றோ பெண் என்றோ தெளிவாக வரையறுக்க இயலாதவாறு பிறந்தவர்களைப் பற்றி 1937இல் அவர் விரிவான நூல் எழுதினார். அத்துறையில் அது முன்னோடி. ஆனால் இத்தகைய குழந்தைகளுக்கு விரைந்து அறுவைசிகிச்சை செய்து தோற்றத்தைத் திருத்திவிட வேண்டும் என்று பின்னாளில் பரவிய கருத்து, இன்று பெரிதும் மாறியுள்ளது. உயிருக்கோ உடல்நலத்திற்கோ கேடில்லாதபோது, அக்குழந்தை வளர்ந்து தன் விருப்பத்தைத் தெரிவிக்கும்வரை பொறுத்திருப்பதே முறை என்ற எண்ணம் வலுத்துள்ளது. வால்வு அடைப்பு இதற்கு நேர்மாறானது. அங்கே ஒவ்வொரு நாளும் சிறுநீரகம் தேய்கிறது, பொறுத்திருக்க இடமில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வால்வு நீக்கத்தைப் பெரியவனாகும்வரை தள்ளிப்போடும் குடும்பங்கள் உள்ளன. அருள்கூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள்.

அடைப்பு நீங்கிய பின் வீங்கிய யூரிட்டர்கள் என்னவாகும்? யங்கின் தலைமுறைக்கு இதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. யூரிட்டரையே சீரமைக்கும் அறுவைசிகிச்சைகள் அவருக்குப் பிறகு முதிர்ந்தன. சிறுநீரகத்தோடு யூரிட்டர் சேரும் மேல்முனையில் பிறவிக் குறுக்கம் இருந்தால், அப்பகுதியை நீக்கி மீண்டும் இணைக்கும் முறையை 1949இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். கீழ்முனையில், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் யூரிட்டருக்குள் திரும்பி ஏறுமானால், பையின் சுவருக்குள் புதிய சுரங்கவழி அமைத்து யூரிட்டரை மறுபடி நடும் முறையைப் பொலிட்டானோ, லெட்பெட்டர் ஆகியோர் 1958இல் விவரித்தனர். 1975இல் கோஹன் அதனை எளிமையாக்கினார். இவை யாவும் இன்று நம் நாட்டுக் குழந்தைகள் அறுவைசிகிச்சைப் பிரிவுகளில் செய்யப்படுகின்றன.

ஆனால் வால்வு நோயுள்ள குழந்தைக்கு யூரிட்டர் அறுவைசிகிச்சை முதலிலேயே தேவைப்படுவதில்லை. கடைமடை திறந்து, பையின் அழுத்தம் தணிந்தால், விரிந்த யூரிட்டர்கள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தாமே சுருங்குகின்றன. திரும்பி ஏறும் ஓட்டமும் பலருக்கு நின்றுவிடுகிறது. தடித்துப்போன பையில் யூரிட்டரை நடுவது கடினம்; தோல்வியும் மிகுதி. எனவே மருத்துவர் காத்திருக்கச் சொன்னால், பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்குச் செய்ததை உங்கள் குழந்தைக்குச் செய்ய மறுக்கிறார் என்று எண்ண வேண்டாம். அக்குழந்தையின் குறைபாடு வேறாக இருக்கக்கூடும். எடை குறைந்த குழந்தைக்குப் புறவழி கருவியை ஏற்க முடியாத அளவு சிறியதாக இருப்பின், அடிவயிற்றில் சிறு திறப்பு அமைத்துச் சிறுநீரைத் துணியணையில் வடியவிடுவதும் உண்டு. காண்பதற்கு வருத்தம் தரும் ஏற்பாடுதான். அது தற்காலிகமானது, பின்னர் மூடப்படும்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச்சொட்டாக வருதல், முக்கி அழுதுகொண்டே கழித்தல், அடிவயிற்றில் கெட்டியான உருண்டை தென்படுதல், காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், எடை கூடாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஆண் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை முடிந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் சளிக்காய்ச்சல் என்று கருதிக் கடையில் மருந்து வாங்க வேண்டாம். அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். தொற்றைத் தடுக்க இரவில் கொடுக்கச் சொன்ன சிறு அளவு மருந்தை, குழந்தை நன்றாக இருக்கிறது என்பதற்காக நிறுத்தாதீர்கள். மலச்சிக்கல் சிறுநீர்ப்பைக்குப் பகை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவிலேயே கண்டறியப்பட்ட குழந்தையெனில், பிரசவத்தைக் குழந்தைகள் அறுவைசிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுதல் நலம். பிறந்த பின் யூரித்ராவையும் பையையும் காட்டும் எம்.சி.யு. என்னும் எக்ஸ்ரே எடுக்கப்படும். மெல்லிய குழாய் வழியாக மருந்துநீர் செலுத்தி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது படம் பிடிப்பார்கள். குழந்தை அழும். உடன் நின்று தலையை வருடிக்கொடுக்க அனுமதி கேளுங்கள். வால்வு நீக்கிய சில மாதங்களுக்குப் பின், மிச்சம் ஏதும் உள்ளதா என்று மீண்டும் ஒருமுறை கருவியால் பார்க்கும் வழக்கமும் உண்டு. அதனை முதல் சிகிச்சை தவறிவிட்டதன் அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

வால்வை நீக்குவது அரைமணி நேர வேலை. ஆனால் கருவிலேயே தடித்த பையும், வளர்ச்சி குன்றிய சிறுநீரகமும் அந்த அரைமணியில் மாறிவிடுவதில்லை. பள்ளி செல்லும் வயதிலும் சிறுவன் உடையிலேயே சிறுநீர் கழித்தால் அது குறும்போ சோம்பலோ அன்று. பை முழுமையாகச் சுருங்கி விரியப் பழகவில்லை என்பது பொருள். அவனை அடிக்கவோ பிறர் முன் பேசவோ வேண்டாம். வகுப்பின் இடையே கழிப்பறை செல்ல அனுமதி வேண்டும் என்று மருத்துவரிடம் கடிதம் பெற்று ஆசிரியரிடம் கொடுங்கள். இக்குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு வளரும் பருவத்திலோ அதற்குப் பின்போ சிறுநீரகச் செயல் குறைந்து, டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படுகிறது. பருவ வயதில் உடல் விரைந்து வளரும்போது தளர்ந்த சிறுநீரகத்தின் குறை வெளிப்படுவது உண்டு. ஆதலால் இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், உயரம், எடை ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும். பதினெட்டு வயது நிறைந்ததும் பெரியவர்களுக்கான சிறுநீரகப் பிரிவுக்கு உரிய தாள்களோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

யங் பார்த்த அந்த இரண்டு மாதக் குழந்தையின் குறிப்பு பதினேழு ஆண்டுகள் கழித்தும் எடுத்து எழுதப்படும் வகையில் பேணப்பட்டிருந்தது. உங்கள் குழந்தையின் முதல் ஸ்கேன் அறிக்கை, அறுவைசிகிச்சைக் குறிப்பு, எம்.சி.யு. படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் அனைத்தையும் நாள்வரிசைப்படி ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் அந்தக் கோப்பை முதலில் எடுத்து வையுங்கள்.